தொட்டிலில் இன்னும் இரண்டு பேர்

செம்மாண்டாம்பாளையத்தில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் யாரோ, அவர்தான் அதை இறக்கியும் விட வேண்டும். பிறந்த பதினாறாம் நாள் தாய்மாமன் வந்து தொட்டிலில் போடுவார். பிறகு கல்யாணத்தன்று காலையில் அதே மாமன் வந்து, வெறும் தொட்டிலுக்குள் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கித் தரையில் நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போவார். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தை நடக்கும், பள்ளிக்கூடம் போகும், மீசை வைக்கும், வேலைக்குச் சேரும். அதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடுவதில்லை. மாமன் வந்து இறக்கிவிடும்வரை ஆள் தொட்டிலில்தான் இருக்கிறது.

துளசிமணிக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தாறு. அவள் இன்னும் இறங்கவில்லை. அவள் தம்பி வேலுமணிக்கு ஐம்பத்திரண்டு. தாராபுரம் போகிற பஸ்ஸில் டிரைவர். அவனும் இறங்கவில்லை. இருவரும் துளசிமணி வீட்டுச் சாமான் அறையில், அரிசி டிரம்முக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், நாலு காலும் சுற்றிலும் கம்புமாக நின்ற ஒரு பச்சை மரத்தொட்டிலில் இருந்தார்கள். பார்ப்பதற்குத் தொட்டில் காலியாகத்தான் இருக்கும்.

இறங்காதவர்களின் எடை மட்டும் தொட்டிலில் தங்கிவிடும். மற்றதெல்லாம் வெளியே நடமாடும். துளசிமணி ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மேல் ஏறி நின்றால் முள் அசையாது. நர்ஸ் அம்மா, “எறங்காதவிங்களா? ஊட்டுல தொட்டில நிறுத்துப் பாத்து வந்து சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவள் மிதித்தால் கோலம் கலையாது. இது ஒருவகையில் சௌகரியம்தான். அசௌகரியம் என்னவென்றால், யாராவது கூட்டும்போது விளக்குமாறு தொட்டிலில் பட்டுவிட்டால் அக்காவும் தம்பியும் எங்கே இருந்தாலும் ஆடுவார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொட்டிலை நகர்த்திய அன்று வேலுமணி தலைசுற்றல் என்று லீவு போட்டான். துளசிமணிக்கு மகள் பிறந்தபோது புடவையில் தூளிதான் கட்டினார்கள். தொட்டிலில் இடமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தொட்டில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அமுதவல்லி என்கிற அதிகாரி வந்தார். நாற்பது வருடம் தாண்டிய தொட்டில்களை வீடு வீடாகப் பார்த்து எழுதுவது அவர் வேலை. சின்ன வயசுதான். ஆனால் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்ட விதத்திலேயே காரியக்காரர் என்று தெரிந்தது.

பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக் கம்புகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். சாத்துக்குடி நுழைகிற சந்தில் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் என்பது விதி. இரண்டு இடத்தில் நுழைந்தது. அடுத்து மேல்கட்டையின் பச்சைப் பெயின்டை நாக்கால் நக்கினார். பல் முளைக்கிற குழந்தை எப்படியும் நக்கும், அதனால் அதிகாரி முதலில் நக்க வேண்டும். “ஈயம் இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்து எழுதிக்கொண்டார். பிறகு நாலு காலுக்கும் கீழே நாலு எடைத்தட்டை வைத்து நிறுத்தார்.

“நூத்தி அம்பது காட்டுது. உள்ளே ஆள் இருக்குதுங்களா?”

“ரெண்டு பேருங்க,” என்றாள் துளசிமணி. “நானும் என் தம்பியும்.”

“தனித்தனியா எழுதோணுங்க.”

“தம்பி எழுவத்தொண்ணு.”

“தொட்டில் பதினொண்ணு. அப்ப நீங்க அறுவத்தெட்டு.”

துளசிமணி இதுவரை எல்லோரிடமும் அறுபத்திரண்டு என்றுதான் சொல்லி வந்திருந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் தெய்வசிகாமணி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போனார். அவர் இறங்கியவர். அவருடைய மாமன் கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே வந்து இறக்கிவிட்டார்.

“இருவது கிலோ தாங்கறதுக்குச் செஞ்ச தொட்டிலுங்க இது,” என்று சொல்லிக்கொண்டே அமுதவல்லி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஜன்னல் பக்கத்துக் காலில் குத்தினார். கைப்பிடிவரை உள்ளே போனது. உள்ளே முழுக்கக் கரையான். “வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு வந்து அறுத்து எடுத்துட்டுப் போயிருவோம். கால் அதுவரைக்குந்தான் தாங்கும். அதுக்குள்ள ஆளுகள எறக்கிருங்க.”

கிளம்பும்போது ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். பழைய தொட்டிலை என்ன செய்யலாம் என்று அதில் போட்டிருந்தது. இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. யாருக்கும் விற்கக் கூடாது. செடி வைக்கலாம், துண்டு காயப்போடலாம், புத்தகம் அடுக்கலாம். “இதெல்லாம் காலித் தொட்டிலுக்குங்க,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளினார்.

தொட்டில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று துளசிமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வீதியில் கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர், வீட்டில் தொட்டிலின் கால் ஒடிந்த நேரத்தில், கவுன்டருக்குப் பின்னால் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தார். தரையில் நின்றவர்தான். அங்கிருந்து மூன்றடி கீழே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். தான் விழுந்தால் சமையலறையில் விழலாம், சமாளித்துக்கொள்ளலாம். வேலுமணியின் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு சீட். காலை வண்டியில் நின்றுகொண்டு வருபவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அமராவதிப் பாலத்தின் மேல் போகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் மூன்றடி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பார்த்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். அவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு யோசித்தான்.

“இந்த வாரம் லீவு குடுக்க மாட்டாங்கக்கா. ஏற்கெனவே ஒரு டிரைவர் கம்மி.”

“அப்ப மாமாகிட்டத்தான் போகோணும்.”

“வருவாராக்கும்?” வேலுமணி சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் எதுவும் இல்லை. “எல்லாம் அப்பனால வந்தது. ஒரு பத்திரிகையப் பாத்து அடிக்கத் தெரியல. ஊர் பூராப் பத்திரிகை குடுத்துட்டு, குடுக்க வேண்டிய மனுசனக் கோட்டை விட்டுட்டாரு.”

துளசிமணி அவன் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துதான் பழக்கம்.

நடந்தது இதுதான். அவர்களுடைய அப்பா கருப்பண்ணன், மகள் கல்யாணப் பத்திரிகையில் மச்சான் பெயரை மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிதாகப் போட வேண்டும் என்று அச்சாபீஸில் சொன்னார். அவ்வளவு பெரிய எழுத்து அச்சாபீஸில் இல்லை. வெளியூருக்கு எழுதிப் போட்டிருக்கிறது, வந்ததும் கோத்துவிடலாம் என்று அதற்குண்டான இடத்தை விட்டுவிட்டு மற்றதைக் கோத்தார்கள். எழுத்து வரவில்லை. தேதி வந்துவிட்டது. பத்திரிகை அப்படியே அச்சாகிவிட்டது. சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள், அடையாளம் தெரியாத பங்காளிகள் எல்லோரும் வரிசையாக நிற்க, தாய்மாமன் என்கிற வார்த்தைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஓர் இடம்.

பெயர் விட்டுப்போயிருந்தால்கூடப் பேசித் தீர்த்திருக்கலாம். “எடத்த உட்டு வெச்சிருக்கறாங்க பாரு, வேற யாரோ வந்து நெரப்பறதுக்கு,” என்றார் மாமா பொங்கியண்ணன். கல்யாணத்தன்று சீர்த்தட்டோடு கேட்வரைக்கும் வந்தார். அங்கே நின்று பத்திரிகையை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஐந்து வருடம் கழித்து வேலுமணியின் கல்யாணத்துக்கு, அவர் பெயரை நாலு இடத்தில் போட்டும் வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கருப்பண்ணன் இறந்தபோது தெருமுனைவரை வந்து, தோளில் துண்டோடு நின்றுவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை துளசிமணி மாமா வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தாண்டினால் வீடு. முப்பத்தோரு வருடமாக அவள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். எண்பத்து மூன்று வயது மாமா முற்றத்தில் நின்று, தண்ணீர் நிறைந்த இரண்டு குடத்தைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். இருபது தடவை தூக்கினார். தினமும் தூக்குகிறார் என்று பக்கத்து வீட்டார் சொல்லி அவளுக்குத் தெரியும்.

உள்ளே கூடத்தில் அவளுடைய கல்யாணப் பத்திரிகை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே சேரில் உட்கார்ந்துகொண்டார். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளோடு பேசுவதில்லை என்று வைத்திருந்ததால் மேஜை ஃபேனைப் பார்த்துப் பேசினார். ஃபேன் மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்தபோது அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

“வந்தவிங்க எதுக்கு வந்தாங்களாம்?”

துளசிமணி ஃபேனிடம் சொன்னாள். தொட்டிலின் கால், கரையான், வெள்ளிக்கிழமை, பாலம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஃபேன் அந்தப் பக்கம் திரும்புகிறவரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். பாலம் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் தடவுவது நின்றது.

“பஸ்ஸுல சனம் இருக்குமே,” என்றார்.

“இருக்குமுங்க.”

“வரமாட்டேன்னு யாரு சொன்னா? அழைக்காத எடத்துக்கு எப்படி வர்றது? எம்பேரப் போட்டுப் பத்திரிகை அடிச்சு, வெத்தல பாக்கு வெச்சு, வா மாமான்னு கூப்பிட்டா நான் பாட்டுக்கு வர்றேன். முப்பத்தோரு வருசமா அதுக்குத்தான குடத்தத் தூக்கிட்டிருக்கறேன்.”

அவள் கிளம்பும்போது ஃபேன் இன்னொரு முறை அவள் பக்கம் வந்தது. “காப்பி குடிச்சுட்டுப் போகச் சொல்லு,” என்றது மாமாவின் குரல். அவள் நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

அச்சாபீஸை இப்போது பழைய முதலாளியின் மருமகள் சந்திரகாந்தா நடத்துகிறாள். துளசிமணி விஷயத்தைச் சொன்னதும் அவள் உள்ளே போய், தூசியைத் தட்டி, ஒரு கனமான இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே துளசிமணியின் கல்யாணம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி, ஈய எழுத்தில் அப்படியே கோத்தபடி இருந்தது. நடுவில் மூன்று விரல் அகலத்துக்குக் காலி.

“பெரிய எழுத்து போன மாசந்தானுங்க்கா வந்துது,” என்றாள் சந்திரகாந்தா. “நாங்களே சொல்லி அனுப்பலாம்னு இருந்தோம்.”

“தேதி பழசாச்சே?”

“கோத்தத மாத்த முடியாதுங்க்கா. வெள்ளிக்கிழமன்னுதான் இருக்குது. வர்றதும் வெள்ளிக்கிழமதான?”

வெள்ளிக்கிழமைதான். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். நூறு பத்திரிகைக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றாள் சந்திரகாந்தா. வியாழக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மவில்லை. தெய்வசிகாமணி ஜன்னல் பக்கத்துக் காலுக்கு அடியில் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்தார். அது போதாது என்று தோன்றி, சாமான் அறைக்கே சேரைக் கொண்டுபோய், தொட்டிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். பேப்பரும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான். முப்பத்தோரு வருடத்தில் அவர் பெண்டாட்டியின் பாரத்தைத் தாங்கியதாக ஒருவரும் சொன்னதில்லை, இப்போது மைத்துனன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கினார். அக்காவும் தம்பியும் சாப்பாட்டைக் குறைத்தார்கள். புதன்கிழமை யாரோ வற்புறுத்தினார்கள் என்று வேலுமணி ஒரு புரோட்டா சாப்பிட்டான். அதே நேரத்தில் தொட்டில் முனகியது. துளசிமணி போன் போட்டுத் திட்டினாள்.

வியாழக்கிழமை மாலை பத்திரிகை வந்தது. எல்லாப் பெயரையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு நடுவில் திரு. பொங்கியண்ணன் என்று இருந்தது. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும்கூட அதற்குப் பக்கத்தில் சிறுத்துத்தான் போயிருந்தன. துளசிமணி இந்தத் தடவை பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

கல்யாணப் பெண்ணே வந்து பத்திரிகை வைக்கிற வழக்கம் எங்கும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள்தான் வைக்க வேண்டும். பெற்றவர்கள் இல்லை. வேலுமணி வண்டியில் இருந்தான். தெய்வசிகாமணி தொட்டிலுக்கு முதுகைக் கொடுத்திருந்தார், எழுந்திருக்க முடியாது. அதனால் அவளே ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் குங்குமம், நடுவில் பத்திரிகை என்று வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று தாம்பாளத்தை வாங்கினார். பத்திரிகையை எடுத்துக் கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். தன் பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு சுவரில் இருந்த பழைய பத்திரிகையைப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்துவிட்டு ஃபேனிடம் கேட்டார்.

“அன்னிக்கு அச்சாபீஸ்ல இருந்து திருத்தறதுக்குத் தாள் வந்திருக்குமே. அதை யாரு பாத்தது?”

ஃபேன் திரும்பி வந்தது. போய்விட்டு மறுபடியும் வந்தது.

அப்பா பார்த்தார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்பாவும் மறுத்துச் சொல்லவில்லை. நாளைக்கு இந்த மனிதர் வர வேண்டும். பாலம் இருக்கிறது, எண்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எதற்கு வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் எடுத்து வந்தது தன் கல்யாணப் பத்திரிகை. அதில் ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

அவள் குனிந்து ஃபேனை நிறுத்தினாள்.

“நான்தானுங் மாமா பாத்தேன்.”

மாமா முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“அப்பாவுக்குப் பொடி எழுத்துத் தெரியாதுங். எல்லாஞ் சரியா இருக்குதா பாரு கண்ணுன்னு எங்கிட்டத்தான் குடுத்தாரு. சரியா இருக்குதுன்னு சொல்லிட்டேன்.”

“இத்தாச்சோட்டுப் பெரிய ஓட்டை உன்ற கண்ணுல படலையா?”

“நான் அதப் பாக்கவே இல்லீங். அவிங்க பேரையே பாத்துட்டு இருந்தேன்.”

“எவிங்க பேர?”

“அவிங்க பேருதானுங்.”

மாமா கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார். “தெய்வசிகாமணி,” என்று விரல் விட்டு எண்ணினார். “ஏழு எழுத்து. ஏழு எழுத்த எத்தன நேரம் பாப்பே?”

“ஒரு மத்தியானம் பூராமுங்.”

மாமா சேரில் உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்று துளசிமணி நினைத்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்கப்பன் ஒரு வார்த்த சொல்லலையே,” என்றார். “சந்தைல எதிர்ல வருவான். நடுச்சந்தைல நிக்க வெச்சுத் திட்டுவேன். தலையக் குனிஞ்சுட்டுக் கேட்டுட்டுப் போவான். எம்புள்ள பாத்ததுய்யான்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னையத் தின்னுபோடுவனா?”

“எம்பேரச் சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டாருங்.”

“அவன் செத்த பொறகும் திட்டுனேன். போன பொங்கலுக்குக்கூடத் திட்டுனேன்.”

துளசிமணி அழுதாள். அப்பாவுக்காக அவள் இதுவரை இப்படி அழுததில்லை. அவர் செத்த அன்றுகூட, எங்கே உண்மை வாயில் வந்துவிடுமோ என்கிற பயத்தில் அழுகை பாதியிலேயே நின்றிருந்தது. மாமா அவளை அழவிட்டார். முடிந்ததும், “முகூர்த்தம் எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ளீங் மாமா.”

“வந்தர்றேன் போ.”

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே வந்துவிட்டார். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் கேட்டோடு திரும்பிப்போன சீர்த்தட்டு அப்படியே வந்தது. அரக்குப் பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டேப் ரிக்கார்டர். வாழைப்பழம் மட்டும் புதிது. துளசிமணி புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாமான் அறையில் தெய்வசிகாமணி சேரை ஓரமாகத் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, தொட்டிலின் ஜன்னல் பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டார். “வாங்க மாமா,” என்றார் அங்கிருந்தபடியே.

“பொறகு பொறந்தவன் மேல இருப்பான். அவனத்தான் மொதல்ல எடுக்கோணும்,” என்றார் மாமா. தொட்டிலின் பக்கத் தடுப்பைக் கீழே இறக்கினார். குனிந்து உள்ளே இரண்டு கையையும் விட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் அவருடைய விரல்கள் எதையோ அணைத்துப் பிடித்தன. கழுத்து நரம்பு புடைத்தது. “கெட்டிப் பயல்,” என்று சொல்லிக்கொண்டே தூக்கி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மெதுவாக நிறுத்தினார். தரையில் இரண்டு காலும் பதிந்ததும் கையை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பஸ் பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டி நின்றிருந்தது.

“அக்கா, சீட்டு நாலு விரக்கடை கீழ எறங்கிருச்சு. கண்டக்டர் வந்து என்னாச்சுன்னு பாக்கறான்.” வேலுமணி பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. “பிரேக்கு இன்னிக்குத்தான் காலுக்கு நல்லாத் தெரியுது. மாமாகிட்டச் சொல்லுக்கா. சரி, வண்டிய எடுக்கறேன். பின்னாடி ஆரன் அடிக்கறாங்க.”

பாதி பாரம் போனதும் தொட்டில் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். கரையான் அரித்த கால், செங்கல் மேல் மாவாக உதிர்ந்தது. மாமா அவசரப்படவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். துளசிமணி கதவோரம் நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு அக்குளிலும் சூடான, காய்ப்புக் காய்ச்சிய பத்து விரல்கள் படுவதை உணர்ந்தாள். அவர் தூக்கினார். தூக்கிய மறுகணம் தொட்டில் நாலு பக்கமும் விரிந்து தரையில் படுத்துக்கொண்டது. தெய்வசிகாமணி கம்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்து சட்டையைத் தட்டினார்.

மாமா அவளைத் தரையில் நிறுத்தவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டார். கதவோரம் நின்றிருந்த துளசிமணியின் கால் தரையை விட்டு எழும்பியது. அவள் அறையைக் கடந்து போய் மாமாவின் வலது இடுப்பில், அரக்குப் பட்டுப்புடவையோடு, உட்கார்ந்தாள்.

“எறக்கி உடுங் மாமா. அடுப்புல பருப்பு வெச்சிருக்கறேன்.”

“சித்த இரு,” என்றார் மாமா.

அவர் வாசலுக்கு வந்து தெருவில் இறங்கி நடந்தார். எண்பத்து மூன்று வயது இடுப்பில் அறுபத்தெட்டு கிலோவும் அசையாமல் இருந்தது. வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாததால் அறுபத்தாறுகூட இருக்கலாம். அவர் அவளுக்கு மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டினார். தண்ணீர் லாரியைக் காட்டினார். தெருமுனையில், கருப்பண்ணன் இறந்த அன்று தான் நின்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். அங்கே எதையும் காட்டவில்லை. அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். துண்டில் வியர்வையும் விபூதியும் கலந்த வாசனை இருந்தது. அதை ஐம்பத்தாறு வருடம் கழித்தும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

எதிரே பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று, துளசிமணியின் கன்னத்தை லேசாகக் கிள்ளினார்.

“யாரு ஊட்டுப் புள்ளைங்க?”

“என்ற அக்கா புள்ளைங்க,” என்றார் மாமா.

“பல்லு மொளச்சிருச்சா?”

“ரெண்டு கொட்டிக்கூடப் போச்சுங்க.”

அந்த அம்மா பூவில் ஒரு கண்ணி கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு அமுதவல்லி வந்தபோது தரையில் பலகைகளும் கம்புகளும்தான் கிடந்தன. நிறுத்துப் பார்த்தார். பதினொன்று. ‘காலி’ என்று எழுதித் தெய்வசிகாமணியிடம் கையெழுத்து வாங்கினார். ஈயப் பெயின்ட் அடித்த மரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆணிகளை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். தெய்வசிகாமணி அவருக்குப் பருப்புச் சாதம் போட்டார். பருப்பு கொஞ்சம் அடிபிடித்திருந்தது.

அன்று மாலை துளசிமணி வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கை வலித்ததும் இறக்கிவிடுகிறேன் என்று மாமா சொல்லி அனுப்பினார். கை வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தெய்வசிகாமணி அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் பிரஷர் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். துளசிமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவளை அலுங்காமல் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மாத்திரையை வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மெதுவாகக் கேட்டார்.